நகப்பூச்சுக் கோடு

என் விரல்களில் ஒரு நாளும் நகப்பூச்சு ஏறியதில்லை. கிரீஸும் கருத்த ஆயிலும் குடியிருக்கிற நகத்துக்கு அது வேறு எதற்கு? ஆனாலும் போடி கடைவீதியில் வளையல் கடை வைத்திருக்கும் அக்கா என் தலையைப் பார்த்ததுமே சிவப்புப் புட்டி இரண்டை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவாள். மாதம் தவறாமல் இரண்டு புட்டி காலி செய்கிற வாடிக்கை அவளுக்கு நான் ஒருத்திதான்.

எல்லாம் போல்ட்டுக்கு.

நான் ரொட்டவேட்டர் கியர்பாக்ஸ் பார்க்கிறவள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, வளைந்த கத்திகளைச் சுழலவிட்டு மண்ணைப் புட்டுப் போல உதிர்க்கிற எந்திரம் ரொட்டவேட்டர். அதன் உச்சியில் உட்கார்ந்திருக்கும் இரும்புப் பெட்டிதான் கியர்பாக்ஸ். கோயம்புத்தூரில் இதே மாதிரிப் பெட்டிகளைப் பூட்டும் கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தேன். அங்கே ஒரு பழக்கம் உண்டு. போல்ட்டை அளவாக இறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பெட்டி வரைக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுவோம். பிறகு எவராவது அந்தப் போல்ட்டில் கை வைத்தால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊருக்குத் திரும்பி தேவாரம் ரோட்டில் பட்டறை போட்டபோது அந்தப் பெயின்ட் இங்கே கிடைக்கவில்லை. நகப்பூச்சு கிடைத்தது. சட்டென்று காய்ந்தது, ஆயில் பட்டாலும் போகவில்லை. அது போதாதா?

ஊர் சிரித்தது. 'பொற்கொடி பட்டறைக்குப் போன மிஷினு பொட்டு வச்சு, நெயில் பாலிஷ் போட்டுத்தான் வீடு திரும்பும்' என்று டீக்கடையில் பேச்சு. ஒரு ஆம்பளை மெக்கானிக் கோடு போட்டால் அது தொழில், நான் போட்டால் சிங்காரம். சிரிக்கிற வாயை மூட எனக்கு நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

சித்திரை பிறந்தால் எங்கள் ஊரில் பொன்னேர். வருஷத்தின் முதல் உழவை ஊரே சேர்ந்து உழுகிற நாள். முன்பு மாடு, இப்போது டிராக்டர். மலையடியில் கோயில் நிலம் ஐந்து ஏக்கர் இருக்கிறது. அதில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றி வர வேண்டும். முன்னால் போகிற வண்டியை மற்றவை தாண்டக் கூடாது. அது நின்றால் மொத்த வரிசையும் நிற்க வேண்டும். அந்த முதல் இடம் ரொம்ப வருஷமாகக் கோட்டைச்சாமி மாமாவுக்கு. சொந்த மாமா இல்லை, ஊரே அப்படிக் கூப்பிடுகிறது. நாற்பது ஏக்கர், மூன்று டிராக்டர். எந்தக் காரியத்திலும் அவர் வாய் திறந்த பிறகுதான் இன்னொருத்தர் வாய் திறக்கும்.

பொன்னேருக்கு நாலு நாள் முன்னால் அவருடைய ரொட்டவேட்டர் என் பட்டறைக்கு வந்தது. பேரிங் போயிருந்தது, மாற்றினேன். பேரிங் மாற்றினால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் புதிதாக வைத்தாக வேண்டும். உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம், ஒரு பெரிய பல்சக்கரம். சின்னது உட்கார்ந்திருக்கும் கூட்டுக்கு அடியில் தாள் கனத்தில் இரும்புத் தகடுகள் அடுக்கியிருக்கும். தகடு சேர்த்தால் சின்னது விலகும், எடுத்தால் பெரியதோடு நெருங்கும். பற்றுவைக்கிற ஈயக் கம்பியைப் பற்களுக்கு நடுவே விட்டு உருட்டி, அது நசுங்கி வருகிற கனத்தை அளப்பேன். ஐந்து தகடு போட்டதும் அளவு கச்சிதமாக வந்தது. மூடினேன், கோடு போட்டேன்.

எடுத்துப்போக மாமாவே வந்தார். கூடவே அவருடைய டிரைவர் மொக்கையண்ணனும் வேடிக்கை பார்க்க நாலைந்து பேரும். மாமா குனிந்து கியர்பாக்ஸின் முன்தண்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். டக், டக்.

"ஏத்தா, இது என்ன டக்கு டக்குங்குது?"

"பல்லுக்கு நடுவுல விட்ட பிளே மாமா. அது இருக்கணும்."

"லூசா இருக்குங்குற. லூசா இருக்குறத இறுக்கத்தான உங்கிட்டக் கொண்டாந்தேன்?"

எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கு எந்திரம் என்றால் இறுக்கம். நட்டை இறுக்கு, பெல்ட்டை இறுக்கு, பெண்டாட்டியை இறுக்கு. கையால் ஆட்டிப் பார்த்து சத்தம் வராவிட்டால் நல்ல வேலை, வந்தால் மோசம். எத்தனை கியர்பாக்ஸ் இந்தக் கணக்கில் வெந்து செத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். செத்தவற்றைத் திறந்து பார்த்தவள் நான்தானே.

பில் எழுதுகிற நோட்டிலிருந்து மூன்று தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன்.

"இந்தா, இந்தக் கனந்தான் மாமா விட்டிருக்கேன். ஓட ஓட இரும்பு சூடாகும். சூடானா உப்பும். உப்புறதுக்கு எடம் வேணும், ஆயில் உள்ள போறதுக்கும் எடம் வேணும். இல்லேன்னா ஒண்ணையொண்ணு அரைச்சுத் தின்னுரும்."

"அதெல்லாம் கோயமுத்தூரு கதை. பொன்னேருக்கு முத வண்டி என்னோடது. ஊரே கூடி நிக்கும். டக்கு டக்குன்னு போனா நல்லாவா இருக்கும்? ரெண்டு தகட்ட எடுத்துட்டு இறுக்கிக் குடு."

"இறுக்க மாட்டேன் மாமா."

"நான் சொல்றேன், இறுக்குங்குறேன்."

"நீங்க சொன்னாலும் மாட்டேன். வெந்துபோகும்னு தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படிச் செய்வேன்?"

அவரிடம் 'மாட்டேன்' என்று யாராவது சொல்லி எத்தனை வருஷமாயிருக்குமோ தெரியவில்லை. முகம் கறுத்துப்போயிற்று. அந்த மூன்று தாளையும் கசக்கிக் கீழே போட்டார். பிறகு கியர்பாக்ஸில் வரிசையாக இருந்த சிவப்புக் கோடுகளைக் காட்டி, "வேலை லூசா இருந்தாலும் நெயில் பாலிசு மட்டும் கரெக்டா இருக்கு" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மொக்கையண்ணன் மட்டும் சிரிக்காமல் எந்திரத்தை டிராக்டரோடு பிணைக்கிற சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அந்த வீட்டு வண்டி ஓட்டுகிறவர். அவருக்குக் கியரின் சத்தம் தெரியும்.

பொன்னேர் அன்று நான் நிலத்துக்குப் போகவில்லை. ஒரு பவர் டில்லர் வேலை பாதியில் கிடந்தது. என் வீட்டுக்காரர் வீரையா போடிமெட்டு ஏற்றத்தில் ஜீப்பு ஓட்டுகிறவர். மூணாறுப் பக்கம் ஒரு லோடு என்று விடியுமுன்னே போய்விட்டார். ஏலக்காய்க் காட்டு வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்கள் அன்றைக்கு லீவு போட்டு நிலத்தில் கூடியிருந்தார்கள்.

எட்டே முக்காலுக்கு போன் வந்தது. முத்துப்பிரியா. கோட்டைச்சாமி மாமாவின் மருமகள், கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, இந்தப் பக்கம் வந்துராதீங்க. எங்க வண்டி நடுவுல நின்னுபோச்சு. ஒரே பொகை. மாமா உங்களத்தான் ஏசிக்கிட்டு இருக்காக. பட்டறையப் பூட்ட வைக்கணும்னு சொல்றாக."

நான் ஸ்பானர் பெட்டியை ஸ்கூட்டியில் வைத்துக் கட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது மைக் செட்டு பாட்டை நிறுத்தியிருந்தார்கள். பதின்மூன்று டிராக்டர்கள் வரிசையாக எஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னால் மாமாவின் வண்டி. கருகிய ஆயில் நாற்றம் வரப்பு வரை வந்தது. ஏழாவது சுற்றில் ரொட்டவேட்டர் இறுகிக்கொண்டு, பாதுகாப்புக்கென்று தண்டில் போடுகிற சின்ன போல்ட் பட்டென்று அறுந்திருக்கிறது. அது அறுந்ததால்தான் பல் உடையாமல் தப்பியிருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டேன்.

"வாத்தா" என்றார் மாமா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எத்தனை வருசமா நிக்காத பொன்னேரு இன்னைக்கு நின்னுபோச்சு. யார் கை பட்டதால? ஊருக்கு முன்னாடி கும்பிட்டு மன்னிப்புக் கேளு. கேட்டுட்டு இன்னைக்கே பட்டறையப் பூட்டிரு. இந்த ஊரு வண்டி எதுலயும் இனி உன் கை படக் கூடாது."

கோயில் கமிட்டித் தலைவர் பாண்டியராஜ் அண்ணன் என் பக்கத்தில் வந்து, "ஒரு வார்த்தை கேட்டுரு பொற்கொடி. நல்ல நேரம் பத்தரையோட முடியுது. மத்ததப் பொறவு பேசிக்கலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சண்டை எப்படியாவது முடிந்தால் போதும் என்று நினைக்கிறவர்.

ஒரு வார்த்தைதான். பொய் சொல்வானேன், எனக்குப் பயமாகவும் இருந்தது. பட்டறை போனால் மறுபடி கோயம்புத்தூர் பஸ்சு ஏற வேண்டும், வாரம் ஒரு நாள்தான் வீட்டுக்காரர் முகம் பார்க்க வேண்டும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் நான் இந்தப் பள்ளத்தாக்கில் பூட்டிய அத்தனை கியர்பாக்ஸும் அந்த நிமிஷமே கெட்ட வேலை ஆகிவிடும். செய்யாத தப்புக்குக் கும்பிட்ட கையால் நாளைக்கு எப்படி ஸ்பானர் பிடிப்பது?

"கேக்க மாட்டேன்" என்றேன். "தொறந்து பாக்குறேன். தப்பு என்னோடதுன்னா பட்டறையப் பூட்டி சாவிய இங்கயே தர்றேன்."

"இன்னமும் தொடுவியா நீயி?" என்று மாமா ஒரு அடி முன்னால் வந்தார்.

"தொடாமயே பாக்கலாம் மாமா. பாண்டியராஜண்ணே, நீங்களே வந்து பாருங்க."

வேஸ்ட் துணியை அவர் கையில் கொடுத்துக் கியர்பாக்ஸின் புழுதியைத் துடைக்கச் சொன்னேன். மேல் மூடியில் எட்டு போல்ட். எட்டிலும் சிவப்புக் கோடு நேராக இருந்தது. அடுத்து, சின்னச் சக்கரத்தின் கூட்டைப் பிடித்திருக்கும் ஆறு போல்ட். அவர் துடைக்கத் துடைக்க ஒவ்வொன்றாகத் தெரிந்தது. போல்ட் தலையில் பாதிக் கோடு, பெட்டியில் பாதிக் கோடு. ஒன்றுகூட ஒன்றோடு ஒன்று சேரவில்லை. பெண்கள் கூட்டம் வரப்பை விட்டு இறங்கி எட்டிப் பார்த்தது. பின்னால் நின்ற டிரைவர்களும் இறங்கி வந்தார்கள்.

"நான் இறுக்கி முடிச்சதும் போடுற கோடு இது. இந்த ஆறையும் எனக்குப் பொறவு ஒருத்தர் கழட்டி மாட்டியிருக்காக. உள்ள நான் வச்சது அஞ்சு தகடு. இப்ப எண்ணிப் பாத்தா மூணுதான் இருக்கும். இதுக்குத்தான இத்தன நாளாச் சிரிச்சீங்க? இப்பச் சிரிங்க பாப்போம்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மாமா ஒரு கணம்தான் தடுமாறினார். உடனே திரும்பி, "ஏலே மொக்கையா! என் மிஷினுல யாரக் கேட்டுடா கை வச்ச?" என்று கத்தினார்.

 அந்த மனுஷன் மாமாவின் உத்தரவில்லாமல் டிராக்டர் ஹாரன்கூட அடிக்க மாட்டார். மொக்கையண்ணன் வண்டிப் பக்கம் நடந்தார். சீட்டுக்கு அடியில் இருந்த டூல்ஸ் பெட்டியைத் திறந்து, கிழிந்த பனியன் துணியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தார். பிரித்தேன். இரண்டு தகடு. ஆயில் தடவி, துரு ஏறாமல் வைத்திருந்தார்.

"மொதலாளி எடுக்கச் சொன்னாக, எடுத்தேன்" என்றார், என்னைப் பார்த்து. "தூரப் போடச் சொன்னாக. போடல."

அதைவிட நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"சாவியக் குடுடா" என்றார் மாமா. "இனி என் வண்டியில ஏறாத. வீட்டப் பாத்துப் போ."

மொக்கையண்ணன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தார். பாண்டியராஜ் அண்ணன் மணியைப் பார்த்தார். ஒன்பதே கால். "பொற்கொடி, பத்தரைக்குள்ள சரி பண்ண முடியுமாத்தா?" என்றார். மாமா எங்கோ மலையைப் பார்த்துக்கொண்டு, "பண்ணச் சொல்லுங்க" என்றார். அவருக்கு வேறு வழி இல்லை. வேறு மெக்கானிக் போடியிலிருந்து வர மத்தியானம் ஆகிவிடும்.

நான் புழுதியில் உட்கார்ந்து பிரித்தேன். இரும்பு கையில் நிற்கவில்லை, அப்படிச் சூடு. பற்களின் முகம் நீலம் பாய்ந்து கிடந்தது, ஆனால் உடையவில்லை. காத்தாட விட்டேன். அடியில் மூன்று தகடுதான் இருந்தது. எல்லோரையும் எண்ண வைத்தேன். ஏலக்காய்க் காட்டுக்குப் போகிற ஈஸ்வரி அக்கா குனிந்து பார்த்து, "அப்ப அந்த டக்கு சத்தம் தப்பில்லையா?" என்று கேட்டாள்.

"போடிமெட்டு வளைவுல ஜீப்பு ஆக்ஸிலேட்டர விட்டுப் புடிக்கும்போது அடியில டக்குன்னு ஒரு சத்தம் வருமே, கேட்டிருக்கீகளாக்கா?"

"தெனம் கேக்குறோம்."

"அதே பிளேதான். அது இல்லாம இறுக்கியிருந்தா ஜீப்பு எப்பவோ ஏத்தத்துல நின்னுருக்கும்."

"எங்க ஆளுக அந்தச் சத்தத்துலதான தூங்கிக்கிட்டே போறாளுக" என்றாள் அவள். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஐந்து தகடும் உள்ளே போனது. ஈயக் கம்பியை உருட்டினேன், கனம் சரியாக நசுங்கி வந்தது. புது ஆயில் ஊற்றி, மேல் மூடியைப் பூட்டிக் கோடு இழுத்து, தண்டுக்குப் புது போல்ட் போட்டாயிற்று. கூட்டின் ஆறு போல்ட்டையும் கையால் மட்டும் திருகிவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்தேன். மணி பத்து அடிக்கப்போகிறது.

"என்ன நிறுத்திட்ட? வெரசா மூடு" என்றார் மாமா.

"யாரு ஓட்டப் போறா மாமா?"

"யாரோ ஓட்டுறான். உனக்கென்ன சோலி அதுல?"

"மொக்கையண்ணன் ஓட்டுனா இறுக்குறேன். இல்லேன்னா இப்படியே கெடக்கட்டும். நல்ல நேரம் உங்களுது, பொன்னேரு உங்களுது. எனக்கு அவசரமில்ல."

"எம் மிஷினுக்கு எவன் டிரைவருன்னு நீ சொல்றியா?"

"ஆமா. தகட்ட எடுத்தவரும் அவருதான், பத்திரமா வச்சிருந்தவரும் அவருதான். அவரு தூரப் போட்டிருந்தா உங்க பொன்னேரு இன்னைக்கு இல்ல."

மாமா பாண்டியராஜ் அண்ணனைப் பார்த்தார். பாண்டியராஜ் அண்ணன், முதல் தடவையாக, மாமா வாய் திறப்பதற்கு முன்னால் தானே பேசினார். "சாவியக் குடுத்துருங்கண்ணே. இருவது வருசம் அவந்தான் ஓட்டுறான்." பின்னால் நின்ற டிரைவர்கள் எவரும் வண்டியில் ஏறவில்லை. மாமா அவர்களையும் பார்த்தார். எல்லோர் பார்வையும் அவர் கையிலிருந்த சாவியில்தான் இருந்தது.

  கடைசியில் மாமா வரப்புக்குப் போய் சாவியை மொக்கையண்ணன் மடியில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

நான் ஆறு போல்ட்டையும் இறுக்கினேன். சட்டைப் பையிலிருந்து நகப்பூச்சை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தேன். நாலாவது போல்ட் முடிந்ததும் புட்டி காலி. குலுக்கினேன், கவிழ்த்தேன், ஒன்றும் வரவில்லை.

"கோடு கெடக்கு, விடு. நேரமாச்சு" என்றார் மாமா.

"கோடு இல்லாம என் கையிலருந்து ஒண்ணும் வெளிய போகாது மாமா. இன்னைக்குக் கண்டிப்பாப் போகாது."

பெண்கள் நடுவிலிருந்து முத்துப்பிரியா வந்தாள். கையிலிருந்த ஆரத்தித் தட்டை ஈஸ்வரி அக்காவிடம் கொடுத்துவிட்டு, பட்டுச் சேலையோடு என் பக்கத்தில் புழுதியில் குந்தினாள். கைப்பையைத் துழாவி ஒரு புட்டியை எடுத்தாள். நீலம், அதுவும் ஜிகினா போட்ட நீலம்.

"முத்துப்பிரியா!" என்றார் மாமா.

"ரெண்டு போல்ட்டுதான மாமா" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "அக்கா, எங்கருந்து எது வரைக்கும் இழுக்கணும்?"

காட்டினேன்.  கோடு நேராக வந்தது. மலையிலிருந்து இறங்கின காற்றில் இரண்டு நிமிஷத்தில் காய்ந்தும்விட்டது.

மொக்கையண்ணன் ஏறி உட்கார்ந்து கிளட்சை விட்டார். டக் என்று ஒரு சத்தம், நல்ல தெளிவாக. மைக் செட்டில் பாட்டு இன்னும் தொடங்காததால் அது நிலம் முழுக்கக் கேட்டது. கத்திகள் சுழன்றன. நின்ற இடத்திலிருந்தே உழவுச் சால் தொடர்ந்தது. பின்னால் பதின்மூன்று வண்டிகளும் கிளம்பின. ஒவ்வொரு திருப்பத்திலும் முதல் வண்டி டக்கென்றது. மாமா வரப்பில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். பட்டறையில் பவர் டில்லர் பாதியில் கிடந்தது. சாயங்காலம் போடிக்கும் போக வேண்டும், சிவப்பு இரண்டு புட்டி, கூடவே நீலம் ஒன்று.